மிரெக் தொலைபேசிக்கு வாசித்த ஞாயிறுகள்

குளிர்காலக் காலைகளில் எங்கள் வீட்டு ஹீட்டர் குழாய் முதலில் நாள்பட்ட சளிக்காரரைப் போல இருமும். பிறகு உள்ளே வெந்நீர் ஏறும் சலசலப்புக் கேட்கும். அது அடங்கியதும், குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு வந்த ஓட்டை வழியாகக் கீழ்வீட்டுக் கிட்டாரின் ஒலி, இரும்பின் சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டதுபோல, கணகணவென்று மேலே வரும். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுமுன் என் காலுறைகளை அந்தக் குழாயின் மேல் காயப்போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்தியிருந்து பாணும் சம்பலும் தின்பேன். கனடாவின் மொன்றியல் நகரில் எனக்கு முதலில் பழக்கமான அயலவர் அந்தக் கிட்டார்தான். அதை வாசித்த மனிதர் பிறகுதான் பழக்கமானார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து எங்கெங்கோ என்று சுற்றி, மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி என்று பதிந்துகொண்டு, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு செங்கல் கட்டடத்தின் நடுமாடியில் குடியேறியிருந்தோம். இந்த ஊரில் வீட்டை அறைக் கணக்கில்தான் சொல்வார்கள், குளியலறையை அரை என்று எண்ணுவார்கள், எங்களுடையது "மூண்டரை". அந்த மூண்டரைக்குள் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பி சேவியர் மாமா ஆகிய எல்லோரும் இருந்தோம். அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்கு உணவு கட்டும் சமையற்கூடத்தில் இரவு வேலை. மாமா பார்க் அவெனியூவில் ஒரு கிரேக்கர் நடத்திய உணவகத்தில் கோப்பை கழுவினார். மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருந்தது. "பிறகு" என்பதற்கு நாங்கள் "மறுகா" என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் சிரிப்பார்கள், அதற்கே அவர்கள் "பேந்து" என்று சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். ஒரு வருடம் போனபின் அவர்களுடைய பிள்ளைகள் "மறுகா" என்றார்கள், நான் "பேந்து" என்றேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

சேவியர் மாமாவும் கிட்டார் வாசித்தவர்தான். மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணங்களுக்குப் போய், வயலின்காரருக்குப் பின்னால் நின்று, ஆட்கள் கதிரையில் இருக்க முடியாதபடி தாளம் அடிப்பது அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை. ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அந்தக் கிட்டாரை விற்றுத்தான் பயண முகவருக்குக் கொடுத்தார். வந்தபின் அவர் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் கீழிருந்து ஒலி வரத் தொடங்கினால் அவருடைய கை, அவருக்கே தெரியாமல், சாப்பாட்டு மேசையின் விளிம்பைத் தட்டும். முதல் கிழமையே அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, இந்த மனுசன் ரெண்டு விரலாலதான் வாசிக்கார். நாலு விரல்காரன் படியில ஏறுவான். இவர் மதிலால பாயிறார்."

அவர் சொன்னது சரி. கீழ்வீட்டு மனிதரின் பெயர் மிரெக். செக்கோஸ்லோவாக்கியா என்று அப்போது ஐரோப்பாவில் ஒரு நாடு இருந்தது. அதன் தலைநகரமான பிராக்கில் ஜாஸ் கிட்டார் வாசித்துப் பெயர் எடுத்தவர். நான் காணும்போது அறுபதைத் தாண்டியிருந்தார், கூன் விழுந்த உயரம், கோடையிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. அவருடைய கதை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது, பெரும்பாலும் மாமாவின் உடைந்த ஆங்கிலம் வழியாக. இன்று சேர்த்துச் சொல்ல முடிகிறது. அவர் ஒரு பேக்கரிக்காரரின் மகன், சிறுவயதிலேயே கிட்டார் பழகியவர். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மன் படைகள் இளைஞர்களைப் பிடித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியபோது அவரும் போனார். அங்கே ஓர் அழுத்த இயந்திரம் அவருடைய இடதுகையின் கடைசி இரண்டு விரல்களையும் நசுக்கிவிட்டது. விரல்கள் போகவில்லை, மடங்கியபடி காய்ந்துபோயின. மருத்துவர் இனி மேளம் பழகு என்றாராம். அவர் மிஞ்சிய இரண்டு விரல்களோடு கிட்டாருக்கே திரும்பிப்போய், மற்றவர்கள் ஒவ்வொரு சுரமாகத் தொட்டுப் போகும் இடங்களைத் தாண்டிப் பாய்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பாய்ச்சலே அவருடைய முத்திரையாயிற்று. போருக்குப் பின் வந்த ஆட்சிக்கு முதலில் ஜாஸ் பிடிக்கவில்லை, எதிரிநாட்டு இசை என்றார்கள். பிறகு கொஞ்சம் விட்டார்கள். அந்த இடைவெளியில் அவர் இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார்.

அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு கச்சேரிக்காக வியன்னாவுக்குப் போயிருந்தபோது பிராக்குக்குள் அந்நியப் படைகளின் யுத்தத் தாங்கிகள் நுழைந்தன. குழுவில் பாதிப்பேர் திரும்பினார்கள், மிரெக் திரும்பவில்லை. மனைவியும் மகளும் பின்னாலே வந்துவிடுவார்கள் என்று நினைத்தார். எல்லை மூடிவிட்டது. மனைவி காத்திருந்தே இறந்தார். இசைக் கல்லூரிக்குப் போக வேண்டிய மகள் ஹானாவுக்கு, ஓடிப்போனவனின் பிள்ளை என்று இடம் கொடுக்கவில்லை; அவர் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தார். மிரெக் மொன்றியலுக்கு வந்து ஒரு ஹோட்டலில் பல வருடங்கள் வாசித்தார். ஹோட்டல்காரர் குழுவை நிறுத்திவிட்டு ஒலிநாடா போடத் தொடங்கியபின் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் அவருடைய வாசிப்பு வேறு மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் ஓரிடத்தில் தடுக்கினால் நிற்பார், திரும்ப வாசிப்பார், தனக்குள் ஏதோ சொல்வார். ஞாயிறு மதியம் நாங்கள் தேவாலயத்தில் பூசை கண்டு வந்து சோற்றுக்கு உலை வைக்கும் நேரத்தில், ஒரே ஒரு பாட்டை, எங்கும் நிற்காமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிப்பார். பிறகு அன்று முழுவதும் கீழே சத்தமே இராது.

ஏனென்று, கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாரை ஒட்டி வந்த ஒரு ஞாயிறன்று தெரிந்தது. அம்மா அச்சில் தோய்த்துப் பொரித்த கொக்கிஸும் கேக்கும் தட்டில் வைத்து, அயலில் இருக்கிற மனிதருக்குக் கொடுக்காமல் சாப்பிடக் கூடாது என்று மாமாவையும் என்னையும் கீழே அனுப்பினார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மிரெக் கிட்டாரை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் ஒரு குட்டித் தலையணை, அதன்மேல் தொலைபேசியின் கேட்குங்குழாய், வாய்ப்பக்கம் அவரைப் பார்த்தபடி. எங்களைக் கண்டதும் கண்ணால் கதிரைகளைக் காட்டினார். வாசித்து முடித்துக் குழாயை எடுத்து, ஒரே ஒரு சொல் சொன்னார், மறுபக்கம் ஒரு சொல் வந்திருக்க வேண்டும், வைத்துவிட்டார். பிறகு கொக்கிஸைக் கடித்துப் பார்த்து, இது எந்த இயந்திரத்தில் செய்தது என்று கேட்டார்.

மறுபக்கத்தில் இருந்தது ஹானா. ஓடிப்போன அப்பாவோடு அவர் கதைக்கும் ஒவ்வொரு சொல்லையும் அங்கே அரசாங்கத்தின் ஆள் ஒருவர் ஒட்டுக்கேட்டுப் பதிந்துகொள்வாராம். நலமா என்று கேட்டாலும், யார் யார் நலம் என்று பிறகு விசாரிப்பார்களாம். அதனால் அப்பாவும் மகளும் கதைப்பதை விட்டுவிட்டார்கள். அவர் எடுப்பார், அவள் "ஆனோ" என்பாள், அவர்கள் மொழியில் "ஓம்" என்பது அது. பிறகு அவர் வாசிப்பார். "கிட்டாரை அவர்கள் எப்படி எழுதுவார்கள்?" என்று மிரெக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கேட்டு மாமா சிரிக்கவில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் நாங்களும் மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்றுதான் கதைப்போம். கேட்க வேண்டியவர்களின் பெயரைக் கேட்க மாட்டோம்.

அடுத்த தை மாதம் உறைமழை பெய்தது. மொன்றியல்காரருக்குத் தெரியும், மழைபோல விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும் மழை அது. கட்டடத்துக்கு வெளியே இருந்த இரும்புப் படிகள் முழுவதும் பளபளத்தன. வேலை முடிந்து காலையில் வந்த அப்பா, படியின் அடியில் மிரெக் தன் இடதுகையை வலதுகையால் தாங்கிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்போல அமைதியாக இருப்பதைக் கண்டார். மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பா தன் குளிர் அங்கியைக் கழற்றி அவர்மேல் போட்டுவிட்டு நின்றார்.

சனிக்கிழமை மாமாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிரெக்குக்கு அந்தக் கையைப்பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நாளைக்கு ஞாயிறு என்பதுதான் கவலை. தொலைபேசி வராவிட்டால் ஹானா பயந்துபோவாள். வந்து, ஆஸ்பத்திரி என்று ஒரு சொல் சொன்னாலும் பயந்துபோவாள். அந்தப் பயத்தைக் கேட்க மூன்றாவது ஆள் ஒருவன் கம்பியில் இருக்கிறான். வரும் வசந்தத்தில் அப்பாவைப் பார்க்க வர ஹானா அனுமதி கேட்டிருந்த நேரம் வேறு. ஆகவே என் வீட்டுக் கதவுத் திறப்பை வாங்கிப் போ, இலக்கத்தைச் சுழற்று, அவள் "ஆனோ" என்றதும் அந்தப் பாட்டை வாசி, அவள் நான் என்று நினைக்கட்டும் என்று மாமாவிடம் கேட்டார். மாமா முதலில் மறுத்தார். ஊரைவிட்டபின் கிட்டாரைத் தொட்டதில்லை என்றார். மிரெக் தன் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா திறப்பை வாங்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம் முழுவதும் மாமா கீழே இருந்து அந்தப் பாட்டைத் தேடினார். ஒன்றரை வருட ஞாயிறுகளில் ஹீட்டர் குழாய் வழியாகக் கேட்டதால் பாட்டு முழுவதும் காதில் இருந்தது, ஆனால் கைக்கு வரவில்லை. நாலு விரலாலும் வாசித்தால் அது மிரெக்கின் பாட்டாக இல்லை, கொழுத்துவிட்டது. கடைசியில் மாமா அம்மாவிடம் ஒரு துணிக்கிழிசல் வாங்கி, தன் இடதுகையின் கடைசி இரண்டு விரல்களையும் மடக்கிக் கட்டிக்கொண்டு வாசித்தார். விழுந்து எழும்பி, பொழுது படும்போது பாட்டு வந்துவிட்டது. மேலே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா, மிரெக் வந்திட்டாரா என்று கேட்டுவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து அம்மா தலையில் போட்ட முக்காட்டைக்கூடக் கழற்றாமல் எங்களோடு கீழே வந்தார். மாமா இலக்கத்தைச் சுழற்றினார், குழாயைத் தலையணையில் வைத்தார். "ஆனோ" என்று ஒரு பெண்குரல், மிக மெல்லிதாக. மாமா தொடங்கினார். நான் கேட்குங்குழாயின் பக்கத்தில் இருந்தேன். பாட்டின் பாதிவரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு குழாயிலிருந்து குரல் வந்தது. பாட்டு நடக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளும் வராத குரல். மாமாவின் கை நின்றது.

ஹானா முதலில் தன் மொழியில் ஏதோ கேட்டார். அந்த மொழி எங்களுக்குத் தெரியாது என்று கண்டு, பள்ளியில் படித்த பிரெஞ்சில் கேட்டார்: யார் நீங்கள், என் அப்பா எங்கே.

அந்த அறையில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் ஒன்றரை வருடம் படித்த பிரெஞ்சு; கடையில் பால் வாங்கவும், ஆசிரியையிடம் வெளியே போகக் கேட்கவும் போதுமானது. நான் குழாயை எடுத்து, தெரிந்த சொற்களில் உண்மையைச் சொன்னேன்: உங்கள் அப்பா விழுந்துவிட்டார். கடலுக்கு அப்பால் ஒரு வீட்டின் மணிக்கூட்டுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. நான் என்ன சொன்னேன் என்று அம்மா கேட்டார். சொன்னேன். அம்மா என் தோளைப் பிடித்துக் குனிந்து, மெதுவாக, ஆனால் பூசைக்கு மணியடிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"உசிரோட இரிக்கார் எண்டு முதல்ல சொல்லு புள்ள. தூரத்துக்குச் சேதி சொல்லக்குள்ள உசிரத்தான் முதல்ல சொல்லோணும். மறுகா மற்றதச் சொல்லலாம்."

உயிரோடு இருக்கிறார் என்றேன். கை மட்டும் உடைந்தது என்றேன். நேற்றுப் பார்த்தோம், சூப் குடித்தார், தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று தாதியோடு சண்டை பிடித்தார் என்று, எனக்கு வந்த சொற்களையெல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஹானா அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நாங்கள் யார் என்று கேட்டார். மேல்வீட்டுக்காரர் என்றேன். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அதற்குப்பின் அவர் சொன்னதை நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னபோது மாமா எழும்பி ஜன்னலுக்குப் போய்விட்டார். ஹானா சொன்னது இதுதான்: இடதுகையை என் அப்பாவின் கைபோலவே செய்துவிட்டீர்கள், ஆனால் வலதுகை அவருடையதல்ல, அந்தக் கை ஏதோ ஒரு கலியாண வீட்டிலிருந்து வருகிறது.

தாளத்தை மாமாவால் மறைக்க முடியவில்லை. பிராக் பாட்டுக்குள் மட்டக்களப்புக் கலியாணம் போய்விட்டது.

ஹானா, அந்தக் கைக்காரர் தனக்குத் தெரிந்ததை வாசிக்கட்டும், கேட்கிறேன் என்றார். மாமா ஜன்னலிலிருந்து திரும்பி வந்தார். துணிக்கட்டைப் பல்லால் அவிழ்த்தார். நாட்டைவிட்டு வந்தபின் முதல்தரம், நாலு விரலாலும், பறங்கியர் வீட்டுப் பைலாவின் தாளத்தை, ஆறு அடியில் குதித்துக் குதித்துப் போகும் அதை, தொலைபேசிக்கு வாசித்தார். அம்மா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். தன் தம்பி செத்துப் பிழைத்து வந்தவன் என்று அம்மாவுக்குத் தெரியும்; அவன் முழுதாக வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்று பின்னாளில் அடிக்கடி சொல்வார்.

மிரெக் வீட்டுக்கு வந்தபின்னும் கை கட்டிலேயே இருந்தது, ஆகவே ஞாயிறு வாசிப்பு மாமாவின் பொறுப்பாயிற்று. அதில் ஒரு மாற்றம் வந்தது. மாமா குழாய்க்கு மிகக் கிட்ட இருந்து பலமாகத் தாளம் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு அடியில் மிரெக் குழாயில் வாயை வைத்து மகளோடு கதைப்பார். ஒட்டுக்கேட்பவனுக்குப் பைலாதான் கேட்கும். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்தக் குளிர்காலத்தில் அப்பாவும் மகளும் சொல்லி முடித்தார்கள். தாயின் கடைசி நாட்களைப்பற்றி ஹானா அப்போதுதான் சொன்னாராம். மாமாவுக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் மிரெக்கின் முதுகைப் பார்த்துத் தாளத்தைக் கூட்டுவார், குறைப்பார்.

அதற்கு விலை இருந்தது. வசந்தத்தில் ஹானாவை ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, தொலைபேசியில் வரும் புதிய தாளம் என்ன சங்கேதம் என்று கேட்டார்கள். பிரெஞ்சு கதைத்த சிறுமி யார் என்றும் கேட்டார்கள். ஹானா உண்மையைச் சொன்னார், அவர்கள் நம்பவில்லை. பயண அனுமதி மறுக்கப்பட்டது. செய்தி வந்த அன்று அம்மா கீழே போய், எங்களால்தானே இப்படியாயிற்று என்று என்னை வைத்துச் சொல்லச் சொன்னார். மிரெக் அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். அவர் பிரெஞ்சில் சொன்ன பதிலை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன், ஆகவே மறக்கவில்லை: "அவள் பதினெட்டு வயதில் அழுத குரல்தான் என் காதில் இருந்தது. இப்போது அவளுடைய இன்றைய குரல் இருக்கிறது. அனுமதியை அவர்கள் மறுபடியும் தரலாம், தராமல் விடலாம். இதை இனி யாரும் மறுக்க முடியாது." அம்மா கேட்டுவிட்டு, அப்படியெண்டால் சாப்பிட வாங்கோ என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுச் சோறு மிரெக்குக்கும் எங்கள் வீட்டில்தான்.

மணிக்கட்டு பொருந்திய பிறகு அது பழையபடி வளையவில்லை. பாய்ச்சல்கள் குறைந்தன. வேறொருவர் என்றால் கிட்டாரைப் பெட்டியில் வைத்திருப்பார். மிரெக் மாமாவைக் கூப்பிட்டு, நீ அடி, நான் இடையில் வருகிறேன் என்றார். மாமாவின் தாளத்தின்மேல் இருந்துகொண்டு, முன்பு பத்துச் சுரம் வாசித்த இடத்தில் ஒரு சுரத்தை வைத்தார். அது வந்து விழும் இடத்துக்காகக் கேட்பவர் காத்திருக்க வேண்டும். இருவரும் அந்தக் கிரேக்க உணவகத்தில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வாசிக்கத் தொடங்கினார்கள். கோப்பை கழுவுகிறவனை முன்னுக்கு இருத்துவதா என்று முதலாளிக்கு முதலில் விருப்பமில்லை. ஒரு வெள்ளி கேட்டார், அடுத்த வெள்ளி கோப்பைக்கு வேறு ஆள் வைத்தார். எங்கள் ஆட்கள், கிரேக்கர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று கலந்து இருப்பார்கள். மட்டக்களப்பு ஆட்கள் கரண்டியால் மேசையில் தட்டுவார்கள். ஜாஸ் தெரிந்த மாணவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள், பிறகு அவர்களும் தட்டுவார்கள்.

எண்பத்தொன்பதின் முடிவில் அங்கே ஆட்சி விழுந்தது. அடுத்த கோடையில் ஹானா மிராபெல்லில் வந்திறங்கினார். கூட்டத்துக்குள் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, ஏனென்றால் இருவரும் பழைய முகத்தைத் தேடினார்கள். கட்டிப்பிடித்து நின்றபின் ஹானா எங்கள் பக்கம் திரும்பி, என்னிடம் வரவில்லை, மாமாவிடம் போய் அவருடைய வலதுகையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்து, நீதான் விழுந்துவிட்டார் என்று சொன்னவளா என்று கேட்டார். அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் மூன்று கிழமை சேர்ந்து சமைத்தார்கள், பொதுவாக ஒரு சொல்கூட இல்லாமல்.

மிரெக் மகளோடு ஊருக்குத் திரும்பினார். போகும்போது கிட்டாரை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே வேறொன்று வாங்கலாம், இங்கே இதற்குப் பழகிய கை இருக்கிறது என்றார். பிராக்கில் அவரை மறந்திருப்பார்கள் என்று நினைத்தார், மறக்கவில்லை. சில வருடங்கள் வாசித்தார், பிறகு ஒரு குளிர்காலத்தில் இறந்தார். அதற்கும் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. பழைய அரசாங்கத்தின் களஞ்சியங்களைத் திறந்தபோது, ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்களில் ஒரு பெட்டி அழியாமல் இருந்திருக்கிறது. மிரெக் மொன்றியலில் இருந்த அத்தனை வருடமும் ஓர் இசைத்தட்டும் வெளியிடவில்லை. அவருடைய முதுமையின் வாசிப்பு உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒட்டுக்கேட்ட காவல்காரன்தான் அதைத் தூசி படாமல் காப்பாற்றி வைத்திருந்தான். ஹானா போய்க் கேட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நேரே "கிட்டார்" என்று மட்டும் எழுதியிருந்ததாம். மிரெக் விழுந்தபின் மாமா வாசித்த ஞாயிறுகளுக்கு நேரே மட்டும், "கிட்டார், வேறு ஆள்" என்று எழுதியிருந்ததாம். அந்த மனிதனும் கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கிறான்.

அந்த நாடாக்கள் இசைத்தட்டாக வந்தன. தொலைபேசிக் கம்பியின் இரைச்சலோடு வந்த அந்தத் தட்டுத்தான் இன்று மிரெக் என்றால் ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரிந்தது. இளம் கிட்டார்காரர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதன் கடைசிப் பாட்டு சேவியர் மாமாவுடையது, அவருடைய பெயரோடு.

சென்ற ஆண்டு பாவெல் என்ற இளைஞன், மிரெக்கைப்பற்றி ஆராய்ச்சி செய்பவன், பிராக்கிலிருந்து மாமாவைத் தேடி வந்தான். பார்க் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் கட்டடத்தை யாரோ வாங்கி, குடியிருந்தவர்களை எழுப்பிவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வெளிப்படிகள் மட்டும் பழையவை. கிரேக்க உணவகம் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். மேல்வீட்டு யாழ்ப்பாணக் குடும்பம் ரொறன்ரோவுக்குப் போய்ப் பல காலம். அப்பா இல்லை. மிராபெல்லில் இப்போது பயணிகள் விமானம் இறங்குவதில்லை. பாவெல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, எதைப் படம் எடுக்கிறோம் என்று தெரியாமல் நின்றான்.

பக்கத்து ஊரான லவாலில் மாமாவின் வீட்டுக்குப் போனோம். மாமா அவனிடம் மிரெக்கின் கிட்டாரைக் கொடுத்து வாசி என்றார். அவன் தன் இடதுகையின் கடைசி இரண்டு விரல்களையும் மடக்கிக்கொண்டு வாசித்தான். பிராக்கில் இப்போது அப்படித்தான் பழகுகிறார்களாம். அழகாகவே வாசித்தான். மாமா முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, நாற்பது வருடத்து ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தமிழிலும் சொன்னார்: "அந்த மனுசனுக்கு ரெண்டுதான் இரிந்திச்சு, அதால ரெண்டால வாசிச்சார். இவருக்கு நாலும் இரிக்கி. இரிக்கிறத மடக்கி வெச்சிற்று வாசிச்சா மிரெக் ஏசுவார்." மிரெக்கிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அவன் கேட்டதற்கு, "நான் அவரிட்டப் படிக்கல்ல. சேந்து வாசிச்ச நான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் கலியாணம். அவனையும் கூட்டிப்போனோம். முன்பென்றால் மட்டக்களப்பு ஆட்களின் கலியாணத்துக்கு இந்த ஊரிலேயே வயலினும் கிட்டாரும் றபான் மேளமும் வரும். வாசித்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், மற்றவர்கள் சிதறிவிட்டார்கள், இப்போது கணினியில் பாட்டுப் போடும் பையன் ஒருவன்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அந்தப் பையனிடம் போய்ச் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். மாமாவும் பாவெலும் இரண்டு கதிரையில் இருந்தார்கள். மாமா அடித்தார். பாவெல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாலு விரலாலும் உள்ளே வந்தான். முதலில் வயதானவர்கள் எழும்பினார்கள். பிறகு தமிழைப் பிரெஞ்சுபோலக் கதைக்கும் என் மகள், கால் எங்கே வைப்பதென்று தெரியாமல், என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவுக்குப் போனாள்.

முடிந்ததும் பாட்டுப் போடும் பையன் மாமாவிடம் வந்து, கணினியில் தேடிப் பார்க்க வேண்டும், இது எந்த நாட்டு இசை என்று கேட்டான்.

"பார்க் எக்ஸ்டென்ஷன்" என்றார் மாமா.

பையன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை; பாவெலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கினார்.